மரகதம் பார்க்காத கடைசிப் பகுதி

சென்ற மாதம் ஒரு காலையில் கைப்பேசியில் மரகதத்தின் பெயர் வந்ததும் அவளே பேசுகிறாள் என்று சந்தோஷமாகத்தான் எடுத்தேன். பேசியது அவளுடைய அப்பா. "அம்மணி, புள்ளை காத்தால போயிட்டாளுங்க" என்றார். அவரே தொடர்ந்தார்: "எனக்குச் சக்கரை மாத்திரை எங்க வெச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

பீளமேட்டில் எங்கள் கல்லூரியில் படித்த பெண்களுக்கு மரகதம் அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரையிடும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள். விக்டோரியா ராணி காலத்து நாவல்களைத் தொடராக எடுத்த குறுந்தகடுகளை வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் மாணவிகளுக்குக் காட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேல் அவற்றைப் போட்டவள் மரகதம்தான். என்னைவிட நாலு வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

புரொஜக்டரை அவள் ஒரு கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். படம் முடிந்ததும் அவசரக்காரியான நான் பிளக்கைப் பிடுங்கப் போவேன். "பல்பு சூடு ஆறட்டுங்க மேடம். அதுவும் பாவம், இத்தனை நேரம் எரிஞ்சிருக்குது" என்பாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

அந்தத் தொடர்களில் ஓர் அப்பா கட்டாயம் இருப்பார். சாய்வு நாற்காலி, முழங்காலில் கம்பளி, ஓயாத இருமல், கையெட்டும் தூரத்தில் ஒரு மணி. மணி அடித்தால் மகள் ஓடிவர வேண்டும். தியாகம், ஆதிக்கம் என்று நான் பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்துவிடுவேன். ஒரு நாள் பின்வரிசைக்குப் பின்னாலிருந்து மரகதத்தின் குரல் கேட்டது. "கோட்டு போட்டிருந்தா என்னங்க மேடம், இருமலு எங்கூட்டு இருமலுதானுங்க." வகுப்பே சிரித்தது. இத்தனை வருஷ விளக்கத்தில் நான் சொல்லாததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அப்பா பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரமடையில் வீடு, அப்பாவும் மகளும் மட்டும். ரங்கநாதர் கோயிலுக்கு நடந்து போவார், டீக்கடையில் மணிக்கணக்கில் ஊர்க்கதை நாயம் பேசுவார், ஆனால் தட்டில் சோறு போட்டுக்கொள்ள மட்டும் கை வராது. மகள் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதனால் மூன்றே முக்காலுக்கெல்லாம் மரகதம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மற்றப் பகுதிகள் அதற்குள் முடிந்துவிடும்; நீளமான கடைசிப் பகுதியை மட்டும் எந்தத் தொடரிலும் அவள் எங்களோடு இருந்து பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலையில் வந்ததும் முதல் கேள்வி, "முடிவு என்னாச்சுங்க மேடம்?" நான் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அவளுடைய முப்பதாவது வயதில் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தேங்காய் மண்டி வைத்திருந்தவர், நல்ல மனிதர். "உங்கப்பாவும் நம்மகூடவே இருக்கட்டுங்க" என்றுகூடச் சொன்னார். அப்பாவுக்கு அன்றே நெஞ்சுவலி வந்தது. டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அதற்கு முன் மற்றவர்கள் பெண் பார்க்க வந்தபோதும் அதே வலிதான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்த வீட்டில் அது தலைகீழ். ஒரு திங்கட்கிழமை மாலைக்குள் அவள் உடுமலைக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நாங்கள் முடித்த தொடரிலும் அப்படி ஒரு மகள், அப்படி ஓர் அப்பா. மகள் நோயில் இறந்துபோகிறாள். அப்பா கட்டிலருகே உட்கார்ந்து, இனி எனக்கு யார் பத்திரிகை படித்துக் காட்டுவார்கள் என்று கேட்கிறார். அதோடு முடிந்தது. திங்கட்கிழமை காலை மரகதம் என் முன்னால் வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "அப்பா மனசு மாறிடுச்சு மரகதம். அழுதுட்டே அவ கையைப் பிடிச்சு மாப்பிள்ளை கையில் கொடுத்துட்டார்" என்றேன்.

அன்று மாலை அவள் உடுமலைக்காரரிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள். "அப்பா மனசு மாறுமுங்க" என்றாளாம். அவர் ஒரு வருஷம் காத்திருந்தார். பிறகு வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

நான் சொன்ன பொய் என்னை அரித்தது. அத்தனை வருஷமும் ஒருமுறைகூட அவளிடம் வாய் திறக்கவில்லை. அவள் சாகக்கிடந்தபோதுதான் சொன்னேன். வயிற்றில் கட்டி. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடியட்டும் என்று ஆறு மாதம் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, அந்த முடிவை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியுமுங்க மேடம்" என்றாள். "அடுத்த நாளே வெள்ளனே வந்து நானே போட்டுப் பாத்துப்போட்டேனுங்க."

"அப்புறம் ஏன் உடுமலைக்காரருக்கு ஒரு போன் பண்ணி சரின்னு சொல்லலை?"

"படத்துல வர்றது பொய்யி, நீங்க சொன்னதுதான் நெசம்னு இருக்கோணும்னு ஆசைப்பட்டேனுங்க. அந்த ஒரு வருசம் தெனமும் அப்பா மூஞ்சியப் பாத்துட்டே இருந்தனுங்க."

அந்தப் பதிலில் எனக்கு மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் போன அன்று காரமடைக்குப் போனேன். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சமையலறை அலமாரியில் காலை, மதியம், ராத்திரி என்று எழுதிய டப்பாக்களில் மூன்று மாதத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவற்றைத் தெருவில் வீசியிருக்க வேண்டும். எடுத்துத்தான் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன். அவர் விழுங்கிவிட்டு, "நாளைக்கு யாருங்க எடுத்துத் தருவாங்க?" என்றார்.

இப்போது கடைசிப் பகுதிகளைப் பிற்பகலில் போடுவதில்லை. காலை பத்து மணிக்குப் போடுகிறேன், எந்தப் பெண்ணும் பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போகாதபடி. படம் முடிந்தால் பல்பு ஆறும்வரை காத்திருக்கிறேன். போன வாரம், அதே தொடரின் கடைசிப் பகுதிக்கு வராமல் போன ஒரு மாணவி வராந்தாவில் என்னை நிறுத்தி, "முடிவு என்னாச்சுங்க மேடம்?" என்று கேட்டாள். ஏன் வரவில்லை என்றேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பெண் செத்துப்போகிறாள் என்றேன்.