முள்கம்பி சாய்ந்த பக்கம்

"இறுக்கிப் பிடி. கொஞ்சம் விட்டாலும் முறுக்கு அவிழ்ந்துடும்" என்றார் ஹினெக்.

"பிடிச்சுட்டுதான் இருக்கேன். நீ சுத்து. அடுப்புல உருளைக்கிழங்கு கரியப் போகுது."

மயிரிழை போன்ற இரண்டு செம்புக் கம்பிகளின் ஒரு முனை அவர் மனைவி ப்லாஷெனாவின் கையில் இருந்த குறட்டில் இருந்தது. மறுமுனையை ஹினெக்கின் கை டிரில் கவ்வியிருந்தது. அவர் சமையலறையின் அந்தக் கோடியில் நின்று பிடியை மெதுவாகச் சுற்றினார். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஒரே கம்பியாயின.

"போதும்" என்றார். அவள் குறட்டை மேஜையில் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

இனிமேல்தான் நிஜ வேலை. முறுக்கின் இடையில் ஊசியால் வழி செய்து, இன்னொரு துண்டுக் கம்பியை நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசி முனையால் பசை வைத்து, இரு நுனிகளையும் சாய்வாக நறுக்க வேண்டும். அது ஒரு முள். அடுத்த முள்ளுக்குக் கொஞ்சம் இடம்விட்டு மறுபடி முதலிலிருந்து. எல்லாம் முடிந்ததும் வேகவைத்த முட்டையை நசுக்கி, கம்பியோடு சேர்த்து டப்பாவில் மூடி வைப்பார். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவியில் செம்பின் மினுக்கு போய்ப் பழங்கம்பிபோல் கறுத்துவிடும். அந்த வாரங்களில் வீடு முழுக்க முட்டை நாற்றம். ப்லாஷெனா ஜன்னலைத் திறந்துவைப்பாள்.

பஸ் டிப்போவில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஹினெக். கழித்துக்கட்டிய ரிலே என்ற மின்விசைகளும் அவற்றின் செம்புக் கம்பிச் சுருள்களும் வீட்டில் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. எல்லையோர ஊரான மிகுலோவில், போர்க்காட்சிகளைச் சிறிய அளவில் செய்யும் மாதிரிப்பொம்மைக் கழகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. "கம்பி" என்பார்கள். டாங்கி செய்பவன், பதுங்குகுழி செய்பவன், சேற்றில் செத்த குதிரை செய்பவன் எல்லாரும் முள்கம்பிக்கு அவரிடம்தான் வருவார்கள். முழுக் காட்சி எதையும் அவர் செய்ததில்லை. மற்றவர்களின் போர்களுக்குக் கம்பி கொடுத்ததோடு சரி.

இந்த வருஷம் கழகத் தலைவர் லூமிர் பிடித்துக்கொண்டார். "கம்பி, சனிக்கிழமைப் போட்டிக்கு நீயும் ஒண்ணு வைக்கணும். கம்பி மட்டும் போதாது, பூமியும் வேணும்." ஹினெக் நிறைய யோசிக்கவில்லை. எழுபத்தெட்டில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், பட்டாளத்தில் சேர்ந்து ஆஸ்திரிய எல்லையில் இரண்டு வருஷம் காவல் நின்றிருக்கிறார். அந்த வேலியைச் செய்யலாம். மற்றவர்கள் புத்தகம் பார்த்துச் செய்கிறார்கள். இதற்கு யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம், தன் கண்ணால் பார்த்தது என்று நினைத்தார்.

ப்லாஷெனா வாணலியோடு வந்து முதல் தடவையாக அவருடைய காட்சிப் பலகையைக் குனிந்து பார்த்தாள். நட்ட நடுவே வேலி. ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்த கை மாதிரி ஒரு துண்டு. கைகளில் இழுத்துக் கட்டப்போவதுதான் இப்போது முறுக்கிய கடைசிக் கம்பி. வேலிக்கு ஒரு பக்கம் இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகள், மறுபக்கம் வெறும் புல்.

"கொடி இருக்கறது எங்க ஊரா?"

"ஆமா. புல்லு ஆஸ்திரியா."

"அப்போ உச்சிக்கை ஏன் அங்கே பாத்துச் சாஞ்சிருக்கு?"

"அங்கேருந்து வர்றவனைத் தடுக்கத்தான். வேற எதுக்கு?"

அவள் வாணலியை ஹினெக்கின் பத்திரிகை மேல் வைத்தாள். "எங்க பக்கமாத்தான் சாஞ்சிருந்துச்சு. நான் அதுக்குக் கீழேதான் கொடி கட்டினேன்."

"நான் காவல் நின்னேன், ப்லாஷென்கா" என்று அவளைச் செல்லப்பெயரில் அழைத்தார்.

"நின்னே. எங்கப்பா ராத்திரியானா ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சாரே, எதுக்கு? ஆஸ்திரியாக்காரன் வந்து திருடிட்டுப் போயிடுவான்னா?"

"அது உத்தரவு."

"பூட்டு சரியா இருக்கான்னு ஆட்டிப் பாக்க வந்தது யாரு?"

"நான்தான்" என்றார் ஹினெக். அப்படித்தான் அவளை முதலில் பார்த்தார். அவள் முற்றத்தில் வாத்து உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தக் கதையை அவர்கள் கல்யாண விருந்துகளில் சொல்லிச் சிரிப்பதுண்டு. இன்று ப்லாஷெனா சிரிக்கவில்லை. "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட்டபின் கணினியில் தேடினார். வேலியின் படங்கள் நிறைய இருந்தன. கைகள் தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் படம் எடுத்தவன் எந்தப் பக்கம் நின்றான்? இரு பக்கமும் புல், இரு பக்கமும் வானம். ஒரு படத்தின் கீழே ஒருவர் இது உட்பக்கம் என்று எழுதியிருந்தார். அதே படத்தின் கீழே இன்னொருவர் அவரை முட்டாள் என்று திட்டியிருந்தார். வேறொருவர், எங்கள் ஊர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் கை உண்டு என்றார்.

கூடக் காவல் இருந்த ரோஸ்தாவுக்குப் போன் போட்டு, கைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று கேட்டார்.

"அந்தப் பக்கம்தாண்டா! இதுல என்ன சந்தேகம்? இந்த ரெண்டு கண்ணால பாத்தவன் நான்."

"நீ சமையல்கட்டுல இருந்தவன்டா."

"சமையல்கட்டுக்கு ஜன்னல் இருந்துச்சுல்ல?"

ஹினெக்குக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது ஒன்றுதான். மழையில் ரோந்து போகும்போது மேலே சாய்ந்த கம்பியிலிருந்து சொட்டும் நீர் சட்டைக் காலருக்குள் இறங்கும். அப்படியானால் கைகள் அவர் நடந்த பக்கம் சாய்ந்திருந்தன. நடந்தது உட்பக்கம். ஆனால் வேலிக் கதவைத் திறந்து அந்தப் பக்கமும் போனதுண்டு. அங்கேயும் கழுத்து நனைந்த ஞாபகம். தளபதி கரும்பலகையில் வரைந்த அம்புகளும் ஞாபகம் இருந்தன. எல்லா அம்பும் அங்கிருந்து இங்கே. இரண்டு வருஷம் அவர் அம்புகள் வரும் திசையைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு நின்றார். கைகள் உள்ளே சாய்ந்திருந்தால், அவர் காவல் நின்றது ப்லாஷெனாவின் அப்பாவுக்கு எதிராக. அது எப்படி ஒருவனுக்கு ஞாபகம் இல்லாமல் போகும்?

கைகள் ஒட்டியாயிற்று. பெயர்த்தால் கம்பங்கள் முறியும். கொடிகளை இடம் மாற்றுவது சுலபம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புல்லில் நட்டார். இப்போது கைகள் கொடிகளுக்கு மேல் சாய்ந்தன. பார்க்க எரிச்சலாக இருந்தது. மறுநாள் ரோஸ்தா தானாகவே போன் செய்து, தன் மச்சானும் அந்தப் பக்கம் என்றுதான் சொல்கிறான் என்றார். ஹினெக் கொடிகளைத் திரும்பப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். பலகை முழுக்க ஓட்டையாகிவிட்டது.

"அந்தப் பக்கமும் திராட்சைதான். அவங்களும்தான் ஒயின் குடிக்கறாங்க" என்றாள் ப்லாஷெனா, கடந்து போகிறபோது.

அதுவும் உண்மை. ஓட்டைகளை மறைக்க வேறு வழியும் இல்லை. இன்னும் கொஞ்சம் கொடி செய்து இரண்டு பக்கமும் நட்டார். இப்போது எது எந்த நாடு என்று செய்தவருக்கே தெரியவில்லை. ஒரு பகல் அது நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தீக்குச்சிகளைச் சீவி ஒரு ஏணி செய்தார். மிச்சமிருந்த கம்பியில் வளையம் வளையமாகக் கோர்த்துச் சங்கிலி செய்து ஏணியின் படியில் கட்டினார். பூட்டு, ஈயத் துளி. ஏணியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு பலகைக்கு மேலே வெகுநேரம் வைத்திருந்தார். பசை இடுக்கியிலேயே காய்ந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பசை தடவினார்.

"ப்லாஷென்கா, உங்கப்பா ஏணியை எங்கே போடுவார்?"

"கொடிக்குப் பக்கத்துல, தரையில."

"எந்தப் பக்கம்னு கேக்கறேன்."

அவள் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பலகையில் விரல் வைத்துக் காட்டவில்லை. "உனக்குத்தானே ஞாபகம் இருக்கணும். நீதானே ஆட்டிப் பாத்தே."

கைகள் சாய்ந்த பக்கம் ஏணியை வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. சரியா தப்பா என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

சனிக்கிழமை கலாசார மன்றத்தில் லூமிர் கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தார். வேலியின் முன் அதிக நேரம் நின்றார்.

"முள்ளு பிரமாதம், கம்பி. இவ்வளவு சின்ன முள்ளுல சாய்வெட்டு வேற. ஏணி எதுக்கு? வேலி உயரத்துக்கு எட்டாதே."

"பூட்டியிருக்கு."

"அது தெரியுது. நம்ம பக்கம் எது?"

"ஏணி இருக்கற பக்கம்" என்றார் ஹினெக். சொன்னபின் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

லூமிர் கைகளைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். "புல்லு கொஞ்சம் பச்சை ஜாஸ்தி" என்று சொல்லி அடுத்த மேஜைக்குப் போனார். வேறு யாரும் கைகளைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது போலவும் இருந்தது, யாருக்கும் அக்கறை இல்லாதது போலவும் இருந்தது.

மத்தியானம் ரோஸ்தா வந்தார். கையில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜ். மேஜையை ஒருமுறை சுற்றினார், மறுபடி எதிர்த்திசையில் சுற்றினார். கடுகு சாஸ் விரலில் வழிந்தது.

"தப்பா?" என்றார் ஹினெக்.

"தெரியலடா. ஜன்னல் வேற பக்கம் இருந்துச்சோ என்னமோ."

ப்லாஷெனா ஏணியின் நேரே நின்றாள். கோட்டைக் கழற்றாமல், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பிறகு, "சங்கிலி இவ்வளவு நீளம் இல்லை" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பலகையை வைக்க வேறு இடம் இல்லாததால் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தார்கள். வரும் வழியில் மூன்று கொடிகள் உதிர்ந்திருந்தன. எந்தப் பக்கத்துக் கொடிகள் என்று ஹினெக் பார்க்கவில்லை. கம்பிக்காக அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்திருந்தது. காலையில் கழகத்துக்காரர் ஒருவர் போன் செய்து, மலைப் பதுங்குகுழி ஒன்றுக்கு முள்கம்பி கேட்டார். பத்து மணிக்கு ப்லாஷெனா உருளைக்கிழங்கு சூப் வைத்தாள். மழை வரும்போல் இருந்தது. ஹினெக் தோட்டத்துக்குப் போய், ஆப்ரிகாட் மரத்தில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துக் கொட்டகையில் வைத்தார். சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஒரு ரிலேயைப் பிரிக்க ஆரம்பித்தார்.