இருபத்தேழு இழை

தேனம்மை வியட்நாமுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனபோது வயது ஐம்பத்து மூன்று. காரைக்குடிச் சொந்தங்களுக்கு வெகுநாள் அதுதான் பேச்சு. அந்தக் காலத்தில் செட்டியார் சைகோனுக்குப் போவார், ஆச்சி வீட்டைப் பார்த்துக்கொள்வார். இந்த வீட்டில் ஆச்சி போனார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கணவர் ராமநாதன் ரசம் வைக்கப் பழகிக்கொண்டார்.

தாலாத் மலையூர். விடுதிப் பள்ளி. தேனம்மை ஐந்தரைக்கு எழுந்து, சேலைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, கஞ்சி குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார். இருபத்தாறு பிள்ளைகள். அவர்களுக்கு அவர் 'கோ தேன்'. கோ என்றால் டீச்சர். சாயங்காலம் சந்தைக்குப் போனால் காய்கறிக்காரப் பெண்கள் அவருடைய மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கத்தரிக்காய் கூடப் போடுவார்கள்.

கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை இருபத்தொரு நாள். தினம் ஒரு நூல், புது வேட்டியிலிருந்து உருவ வேண்டும். நோன்பன்று அத்தனையையும் திரித்து, துண்டாக்கி, வெல்ல மாவில் சொருகிக் கொளுத்தி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் பாதிப்பேர் கடைசி நாளில் மொத்தமாக உருவிவிடுகிறார்கள். தேனம்மைக்கு அது ஒப்பாது.

மூன்று வருடம் அறையில் தனியாக உருவினார். நான்காம் வருடம் நோன்புக்கு ஊர் போக விடுப்புக் கிடைத்தது. வேட்டியை வகுப்புக்கே எடுத்துப்போனார். தினம் ஒரு பிள்ளை ஒரு நூல் உருவி, முந்தின நாள் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் நாள் லான் என்ற பெண், தன் மாமா கோழியை விற்றதையும் அந்தக் கோழி தன் சிநேகிதி என்பதையும் சொல்லி அழுதாள். மறுநாளிலிருந்து எல்லோரும் முறை கேட்டுக் கை தூக்கினார்கள்.

இருபது நூலை பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இருபத்தொன்றாவது ராமநாதன் கையால் உருவ வேண்டியது.

நோன்பன்று மதியம் திருச்சியில் இறங்கினார். காரில் ஏறியதுமே ராமநாதன் ஆரம்பித்தார்.

"நாலு வருசம் போதாதா? இங்குட்டு இருந்தே கம்ப்யூட்டர்ல சொல்லிக்குடு."

"இன்னும் ரெண்டு வருசம் கேக்குறாக. நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்."

"வரலைன்னு சொல்லு."

தேனம்மைக்குத் திரும்பிப் போக ஆசைதான். ஆனால் ராமநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பினால் அங்கே ஒருநாள்கூட நிம்மதியாகப் பாடம் நடத்த முடியாது.

சாயங்காலம் ராமநாதன் தன் நூலை உருவிப் போட்டுவிட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"இருபத்தேழு இருக்கு."

ராமநாதனின் தங்கை உமையாள் மாவு பிசைவதை நிறுத்தினாள். "அண்ணமிண்டி, இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கணக்கு வராதோ?" என்று அண்ணன் மனைவியைக் கேட்டாள்.

டப்பாவின் அடியில் ஒரு சீட்டு இருந்தது. ஆறு பெயர்கள். கீழே ஆங்கிலத்தில்: 'எங்களுக்கு முறை வரவில்லை. நாங்களே உருவிவிட்டோம். மன்னிக்கவும்.'

தேனம்மை சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது.

"ஆறை எடுத்து வெளியில வைங்க அண்ணே," என்றாள் உமையாள்.

"எந்த ஆறு?" என்றார் ராமநாதன். "பேரா எழுதியிருக்கு?"

அவரே இருபத்தேழையும் சேர்த்துத் திரித்தார். திரி தடித்துப்போனது. துண்டாக்கி மாவில் சொருகி, முதல் துண்டைக் கொளுத்தினார். சுடர் குபீரென்று எழும்பியது. வாயில் போடுவதற்குள் மீசையின் இடது ஓரம் கருகியது.

"அண்ணே, பாதி மீசை போச்சு!"

"சும்மா இரு புள்ள." துண்டால் மீசையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த துண்டைக் கொளுத்தி மனைவியிடம் நீட்டினார். தேனம்மை சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ராமநாதன் சீட்டை இன்னொரு முறை படித்தார்.

"ஆறு பிள்ளைகளுக்கு முறை குடுக்காம வந்திருக்கே. நல்ல வாத்திச்சிதான். அடுத்த வருசம் இதுகளைத்தான் முதல்ல உருவச் சொல்லணும், கேட்டியா?"

வாயில் மாவு. தேனம்மை தலையை மட்டும் ஆட்டினார். பதிலை அன்றே அனுப்பினார்.

மறு கார்த்திகை கழிந்து முதல் ஆறு நாளும் அந்த ஆறு பேர்தான் உருவினார்கள். படம் வந்தது. ஆறு பிள்ளைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு, நடுவில் ஸ்வெட்டரோடு கோ தேன். அதுதான் அவருக்குக் கடைசி நோன்பு; அடுத்த கார்த்திகைக்குத் தேனம்மை உயிரோடு இல்லை. படம் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. ராமநாதன் ரசம் ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் இடது மீசையைத் தடவிக்கொண்டு அதைப் பார்ப்பார். பார்த்தால் சிரிப்பார்.