சொல்லிவிட்டு வெடித்த வெடி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. நாங்கள் இருப்பது அம்பிட்டியவில், மேட்டுப் பாதையோரம் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில். நான் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பார்வை என்றால் வெளிச்சம், இருட்டு என்கிற அளவுக்குத்தான். நடக்க மாட்டாள், பேச மாட்டாள். ஆனால் காது நன்றாகக் கேட்கும். வருடம் முழுக்க எங்களுக்கு அது பெரிய ஆறுதல். தீபாவளி வந்தால் அதுவே பெரிய பயம்.

அதற்கு முந்திய வருடம் தீபாவளிக் காலையில், கீழ்ப் பாதையில் யாரோ போட்ட வெடிக்கு அவள் உடம்பு வில் மாதிரி விறைத்தது. வலிப்பு வந்துவிட்டது. கட்டியிருந்த சாரத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "இனிமே நம்ம வீட்டுல தீபாவளியே வேணாம்ங்க" என்பதுதான். நானும் சரி என்றேன். அடுத்து வந்த பெரஹரா ஊர்வலக் காலத்தில் பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து, பன்விலவில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தோம்.

மகள் போகும் பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஒன்று உண்டு. வகுப்பு டீச்சர் ஒரு முஸ்லிம் பெண். அவர் கதை சொல்லும் விதமே வேறு. புத்தகத்தை விரித்து வாசிக்க மாட்டார். ஒரு வசனம் சொல்வார். அந்த வசனத்துக்குரிய பொருளை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைப்பார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார், நாக்கில் தொட்டுவைப்பார். பிறகுதான் அடுத்த வசனம். அதே கதை, அதே சொற்கள், அதே வரிசை, வாரக் கணக்கில் தினமும் நடக்கும். புத்தருக்கான வெசாக் பண்டிகைக் கதையும் பெருநாள் கதையும் அப்படித்தான் நடந்தன. அந்த மாதம் தீபாவளியின் முறை.

ஒரு நாள் மகளைக் கூட்டிப்போக வந்த என்னை டீச்சர் உட்காரச் சொன்னார்.

"அண்ணன், தீபாவளிக்கு விடிஞ்சதும் மொதல்ல என்ன செய்ற? எனக்குத் தெரிஞ்சது பெருநாள்தான். புள்ளைகளுக்குப் பொய்யாச் சொல்ல ஏலா தானே."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உச்சந்தலையில் சுடவைத்த நல்லெண்ணெய், சுடுதண்ணீர், மஞ்சள் தடவிய புதுத் துணி, விளக்கு, ஊதுபத்தி, கேசரி. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"வெடி?" என்றார்.

முந்திய வருடம் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கேட்டார்.

"யாராவது வெடி பத்த வைக்கிறத்த நீங்க தூரத்துலயே காண்ற தானே? குனியிறாங்க, ஓடுறாங்க, நீங்களும் காதப் பொத்திக்கிறீங்க. மகளுக்கு அத யாரு சொல்ற?"

சத்தம்தான் அவளுடைய எதிரி என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று அவள்மேல் வந்து விழுகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

வெடிச் சத்தத்துக்கு அவளைப் பழக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டோம். திடுக்கிட வைக்காமல் மெதுமெதுவாகப் பழக்கலாம், பிள்ளைக்கு முடியவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். டீச்சர் ஒரு பலகை கேட்டார். கடையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு ஒன்றைத் தேய்த்து, ஓரம் குத்தாமல் வழவழப்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதை நேரத்தில் மகளின் வெறுங்கால்கள் அந்தப் பலகையின்மேல் இருக்கும். கேசரி முடிந்ததும் டீச்சர் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "இப்ப வெடி வருது" என்பார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டு. முதல் வாரத்தில் வெடி என்றால் அவ்வளவுதான். அடுத்த வாரம் மரக்கரண்டி. அதற்குப் பிறகு சட்டி மூடி.

சட்டி மூடி வந்த அன்று மகள் வீறிட்டு அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. என் மனைவிக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவ ஒடம்ப வச்சு என்னங்க வெளையாட்டு? ஒன்னுன்னா ராத்திரி பகலா பக்கத்துல கெடக்கிறவ நான். நாளைக்கு நானே போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்."

மறுநாள் நான் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதை பாதியில் இருந்தது. வகுப்பு முழுக்க நல்லெண்ணெய் வாசம். டீச்சர் எங்களைப் பார்த்தார். கையால் கதிரையைக் காட்டினாரே தவிர, கதையை நிறுத்தவில்லை. என் மனைவி உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

துணி வந்தது. விளக்கின் சூடு வந்தது. உதட்டில் கேசரி. டீச்சர் கையில் சட்டி மூடி இல்லை, பழைய மரக்கரண்டிதான் இருந்தது. தோளில் இரண்டு தட்டு. "இப்ப வெடி வருது." எப்போதும்போலக் காத்திருந்தார். ஆனால் அன்று அந்த மூச்சு நேரம் முடிந்த பிறகும் அவர் தட்டவில்லை. அப்படியே இருந்தார்.

மகள் தலையைத் திருப்பினாள். வாயைத் திறந்து மூடினாள். பிறகு வலது குதிகாலைக் கொஞ்சம் தூக்கிப் பலகையில் ஒரு போடு போட்டாள்.

டீச்சர் உடனே கரண்டியால் தட்டினார். மகள் சிரித்தாள். வாய் முழுக்கத் திறந்து, குரல் வரச் சிரித்தாள். திரும்பவும் குதிகாலால் அடித்தாள். திரும்பவும் கரண்டி தட்டியது.

அவள் பிறந்ததிலிருந்து பசித்தால் அழுவாள், வலித்தால் அழுவாள். எனக்கு இது வேண்டும் என்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்டது வெடியை!

என் மனைவி வாசலிலிருந்து வந்து பலகையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்க தட்டுங்க டீச்சர்" என்றாள். கூட்டிப்போக வந்தவள், பள்ளி விடும்வரை எழும்பவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். த்ரீவீல் ஓட்டுபவர். எங்கள் வீட்டுக்கு முன்னால் நாளைக்கு வெடி போட முடியுமா என்று கேட்டதும், காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, த்ரீவீலுக்குள்ளிருந்து இறங்கி வந்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? பாப்பா பயந்துரும்னுதானே போன வருசத்துலருந்து நாங்க யாரும் இந்தப் பக்கம் கொளுத்துறதே இல்ல?"

எனக்கு அது தெரியாது. பெரஹரா வந்தால் ஊரைவிட்டுப் போய், திருவிழா வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த எங்களுக்கு, வெளியே எங்களுக்காக ஒரு வரிசை வீடே அடங்கி இருந்தது தெரியாமல் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "ஒத்தை வெடிதான். நான் கைய காட்டின பொறகு கொளுத்துங்க" என்றேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. மகளுக்கு எண்ணெய் வைத்து, சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டீச்சர் சொல்லும் அதே வசனத்தை என் மனைவி சொன்னாள். வகுப்பிலிருந்து கேட்டு வாங்கிவந்த பலகையை முற்றத்தில் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல தூரத்தில் ஒரு வெடியை வைத்து, புகையும் ஊதுபத்தியோடு குந்தியிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி மகளின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். "இப்ப வெடி வருது."

நான் கையை உயர்த்த வேண்டும். உயர்த்த முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்தக் காலை கண் முன்னால் வந்து நின்றது. அப்போது பலகையில் குதிகால் விழுந்த சத்தம் கேட்டது. கையைத் தூக்கினேன்.

வெடித்தது. மகளின் உடம்பு என் மடியில் விறைத்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மெல்ல, ஒவ்வொரு விரலாக, அவள் கை தளர்ந்தது. பிறகு குதிகால் திரும்பவும் பலகையில் விழுந்தது.

"இன்னொன்னு கேக்குது பாப்பா!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். வரிசை முழுக்கச் சிரிப்பு.

இரண்டாவதும் நன்றாகத்தான் போனது. மூன்றாவதுக்கு அவள் உதடு பிதுங்கியது, முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். "போதும்" என்றேன். அவ்வளவுதான். யாரும் இன்னொன்று என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனோம். வலிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கேசரி சாப்பிட்டாள். என் மனைவி தட்டுகளில் பலகாரம் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். போனவள் வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது. அவ்வளவு பேச்சு சேர்ந்து கிடந்திருக்கிறது.

மகளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திடீரென்று கதவு அடித்துச் சாத்தினால் இன்றைக்கும் விறைத்துப்போவாள். பெரஹரா நாட்களில் இன்னும் பன்விலவுக்குத்தான் போகிறோம். ஆனால் அவளைத் தூக்குவதற்கு முன்னால் "தூக்கப் போறேன்" என்கிறேன். சீப்பு தலையில் படுவதற்கு முன்னால், மருந்துக் கரண்டி உதட்டில் படுவதற்கு முன்னால், அவளுக்குச் செய்தி போய்விடுகிறது. சில நேரம் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்கிறாள், நாங்களும் காத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கும் சம்மதம் என்று ஒன்று உண்டு என்பதை அப்படிக் காத்திருந்துதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.