கொண்டையில் ஒரு பென்சில்

எங்கள் மலையூர் புதூர்நாட்டுக்கு வரும் நர்சம்மா குள்ளம். வாய் நிறையச் சிரிப்பு. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்குக் குறை இருக்குமோ என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் அளவு கூடியிருந்தது. திருப்பத்தூரில் பெரிய ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் ஏன் கூடியது? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பலாப்பழம் தின்றதுதான் என்றார் மாமியார். அழுதுகொண்டே நர்சம்மாவிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

எடை, பிரஷர் எல்லாம் என் கர்ப்பகால அட்டையில் பேனாவால் எழுதினார். ரிப்போர்ட்டில் இருந்ததை மட்டும் கொண்டைப் பென்சிலை உருவி எழுதினார்.

"இத மட்டும் ஏங்க பென்சில்ல?"

"இன்னான்னு தெரியாததெல்லாம் பென்சில்தாம்மா. டாக்டர் சொன்ன தேதிக்கு மறுபடி ஸ்கேனுக்குப் போய்ட்டு வா. வூட்ல பலாப்பழம் இருந்தா எனக்கும் ரெண்டு சுளை குடு."

அழுகையோடு சிரித்துவிட்டேன்.

பெண் நல்லபடியாகப் பிறந்தாள். மூன்று கிலோ என்று பேனாவால் அழுத்தி எழுதினார் நர்சம்மா.

"அந்தப் பென்சில் வரிய அழிச்சிடுங்களேன்."

"ஏன் வந்துச்சுன்னு இன்னும் தெரியலையேம்மா. இருக்கட்டும்."

இப்போது மகள் புளியமரம் ஏறுகிறாள். கூப்பிட்டால் இறங்குவதில்லை. அட்டையில் அந்த வரி அப்படியே இருக்கிறது; அழிக்க எனக்கும் மனசு வரவில்லை.