கலைமணி அக்கா போகாத வீடு

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சனி, ஞாயிறுகளில் பயிற்சி செய்யும் பெண்கள் கால்பந்து கிளப் எங்களுடையது. பேனரில் கோச் அன்பரசு என்று என் பெயர் இருக்கும். செயலாளர் சுப்பிரமணியன் சாரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். பதினோரு வருஷம் ஆள் எடுத்துக் கொடுத்த கலைமணி அக்காவின் பெயர் எந்த பேனரிலும் இருந்ததில்லை. அவர் அண்ணாமலை நகரில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் அட்டெண்டர். அட்டெண்டருக்கு பேனரில் என்ன இடம் என்று நாங்கள் நினைத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

விடுதியில் லீவு கிடைத்தால் அக்கா பஸ் ஏறிவிடுவார். காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, கம்மாபுரம் என்று எங்கே பள்ளிக்கூடப் போட்டி நடந்தாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார். ஆட்டத்தை அவ்வளவாகப் பார்க்க மாட்டார். ஆட்டம் முடிந்த பிறகு வரும் பத்து நிமிஷத்தைத்தான் பார்ப்பார். தோற்ற பிள்ளைகளில் யார் அழுகிறாள், அழுகிறவளுக்கு யார் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், யார் அடுத்தவள் மேல் பழியைப் போடுகிறாள் என்று. இதை வைத்து ஆள் எடுப்பதா என்று நான் பல தடவை கேலி செய்திருக்கிறேன். நான் கேலி செய்துகொண்டிருந்தபோதே எங்கள் டிஃபென்ஸில் நின்ற நான்கு பேரும் அவர் அப்படி எடுத்துக் கொடுத்தவர்கள்தான்.

அவரும் ஆடியவர். புவனகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். பள்ளிக்கூட அணியில் வலது விங். பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அணியில் எடுத்திருக்கிறோம், திருச்சிப் போட்டிக்கு வேன் வரும், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நில் என்று சொல்லியிருக்கிறார்கள். பையோடு பன்னிரண்டு மணி வரை நின்றிருக்கிறார். வேன் வேறு வழியாகப் போய்விட்டது. அவருடைய இடத்தில் வேறொரு பெண் ஏறிப் போயிருந்தாள். உன்னை எடுத்தோம் என்று சொன்னவர்களுக்கு, உன்னை நீக்கிவிட்டோம் என்று சொல்லத் தோன்றவில்லை. இந்தக் கதையை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாராம். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள்.

அதனாலோ என்னவோ, ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் அவள் வீட்டுக்குப் போவார். பெற்றவர்களோடு உட்கார்ந்து எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவாள், உடம்புக்கு முடியாத நாளில் என்ன செய்வது, கூட யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்வார். அவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? பார்த்துக்கொள்கிறேன் என்பார். அந்த வீட்டார் பெண்ணைக் கிளப்புக்கு அனுப்பவில்லை, அக்காவிடம் அனுப்பினார்கள். பஸ் தாமதமானால் போன் அவருக்குத்தான் போகும். அணியிலிருந்து ஒரு பெண்ணை விடுவதாக இருந்தாலும் அதே வீட்டுக்கு அவரே போவார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய், பெண்ணின் குறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பக்குவமாகச் சொல்லிவிட்டு வருவார்.

வாட்ஸ்அப் குரூப்பைத் தொடங்கியதும் அவர்தான். பிள்ளைகளில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. அதனால் அதில் இருந்ததெல்லாம் அப்பாக்கள், அண்ணன்கள் நம்பர். பயிற்சி நேரமும், பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்ட போட்டோவும் அதில் வரும். வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பார்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஆறு நாள் முகாமுக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். அது மண்டையில் ஏறியிருந்தது. அந்தச் சித்திரையில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றோம். கிளப் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். தோற்றால் திட்டு வாங்குகிறவன் நான், ஆளை எடுக்கிறவர் வேறொருவர், இது என்ன நியாயம் என்று கேட்டேன். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பது கோச்சின் கையில் இருக்க வேண்டும், உலகம் முழுக்க இதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு பாட்டம் பேசினேன். சுப்பிரமணியன் சாருக்கு நான் சொன்னது சரியாகப் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அதில் பாதி சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கலைமணி அக்கா கோபப்படவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே எடு தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல," என்றார். "எடுக்குறவங்கதான் அனுப்புறப்பவும் வூட்டுக்குப் போவணும். அது மட்டும் வுட்டுடாத."

சரிக்கா என்றேன். இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது. கூட்டம் முடிந்து டீ குடித்தோம். அதோடு அதை மறந்துவிட்டேன்.

நான் விட்ட முதல் ஆள் சிந்துஜா. கம்மாபுரம் பெண், சென்டர் பேக். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அக்கா எடுத்தவள். அப்பா சின்னையன் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவர். பெண் காலேஜ் போவதே பெரிது, இதில் பந்து வேறயா என்று முதலில் மறுத்தவர். மூன்று வருஷம் கொடுங்கள், அதுவரை கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள், போலீஸ் வேலைக்கு விளையாட்டு இட ஒதுக்கீடு இருக்கிறது, நான் பொறுப்பு என்று அக்கா அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவர் வந்த வரனைத் திருப்பி அனுப்பியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சிந்துஜா நல்ல உயரம், நல்ல உடம்பு. தலையால் முட்டும் பந்து எதுவும் அவளைத் தாண்டாது. ஆனால் பின்னால் திரும்பி ஓட நேரம் எடுப்பாள். எனக்கு வேகமான டிஃபென்ஸ் வேண்டியிருந்தது. அவளோடு சேர்த்து நான்கு பேரை விடுவது என்று முடிவு செய்தேன். எதையும் மறைக்கக் கூடாது, காரணத்தோடு சொல்வதுதான் நேர்மை என்று முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் டைப் செய்து குரூப்பில் போட்டேன். சிந்துஜா பெயருக்கு எதிரே நான் எழுதியது அட்சரம் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. எடை அதிகம், இடுப்பு கனம், திரும்புவதற்கு நேரம் எடுக்கிறார், விடுவிக்கப்படுகிறார்.

அந்த போன்களையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பது ஒரு நிமிஷம்கூட என் புத்தியில் உறைக்கவில்லை. சின்னையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். டீக்கடையில் போன் கத்தியதும் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, கிளப்பிலிருந்து என்னமோ வந்திருக்கிறது, படி என்றிருக்கிறார். அவர் சத்தமாகப் படித்திருக்கிறார்.

மறுநாள் அக்கா எனக்கு போன் செய்தார். திட்டவில்லை. கம்மாபுரம் போகலாம், நீயும் வா என்று மட்டும் சொன்னார். வடலூரில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வாழைப்பழம் வாங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

சின்னையன் வாசலிலேயே நின்றார். வழக்கமாக டீச்சரம்மா என்று கூப்பிடுகிறவர். அட்டெண்டர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த வீட்டில் அக்கா டீச்சரம்மாதான். அன்றைக்கு வா என்றும் சொல்லவில்லை. அவர் மனைவி செல்லாயி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சிந்துஜா கண்ணிலேயே படவில்லை.

"ஏம்மா, ஆடுனது போதும்னு வந்து சொல்லியிருந்தா நான் கேட்டுக்கினு போயிருப்பேன்," என்றார் சின்னையன். அவர் குரல் உயரவே இல்லை. "எத்தினி பேரு போன்ல எம் பொண்ணு இடுப்பப் பத்திப் போட்டுட்டீங்க. நான் இனிமே டீக்கடைக்கு எப்பிடிப் போவேன்? உன்ன நம்பித்தான அனுப்புனேன்."

பக்கத்தில் நின்றேன். போட்டவன் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. அக்கா என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன், ஒரு வகையில் அப்படிக் காட்டிக்கொடுத்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தப்புதாங்க," என்றார். "நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாத்துக்கல."

அவ்வளவுதான் பேசினார். சின்னையன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பும்போது, ஏன்க்கா என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ யாரென்று அவருக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். அவர் பெண்ணைக் கொடுத்தது என்னிடம், நீ யாரோ என்றார். கோபத்தில் சொல்லவில்லை. உண்மை அதுதான் என்பதால் எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

ஆவணியில் சிந்துஜாவுக்குக் கல்யாணம் நடந்தது. விருத்தாசலம் பக்கம் சொந்தத்திலேயே மாப்பிள்ளை. காலேஜையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிளப்பில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. ஆனாலும் அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு விருத்தாசலம் வரைக்கும் போய், மண்டபத்துக்கு எதிரில் பெண் அழைப்பு உள்ளே போகிறவரை நின்றுவிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. உள்ளே போகவில்லையாம். அதன் பிறகு மைதானத்துக்கும் வரவில்லை. குரூப்பிலிருந்தும் விலகிக்கொண்டார்.

ஆள் எடுக்கும் வேலை முழுசாக என் கைக்கு வந்தது. கேட்டதுதானே, கிடைத்தது. வீடியோ பார்த்தேன், ஓட்டத்துக்கு நேரம் குறித்தேன், நல்ல பெண்களைக் கண்டுபிடித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனால் கதவு பாதிதான் திறந்தது. முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. கலைமணி அம்மா வரலையா? ஊருக்குப் போயிருக்கிறார் என்று இரண்டு வீட்டில் பொய் சொன்னேன். பதினாறு பேரைத் தேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, போன மாசி மாதம், சிதம்பரத்தில் மாலதி என்ற பி.டி. டீச்சரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவர் இளமதி என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். தன் பதினெட்டு வருஷ சர்வீஸில் அப்படி ஓர் இடது காலைப் பார்த்ததில்லை என்றார். எங்கே ஆடினாள் என்று கேட்டேன். அண்ணாமலை நகரில், உங்கள் கலைமணி வேலை பார்க்கும் விடுதிக்கு எதிரில் இருக்கிற திடலில்தான், அந்த அம்மா தினமும் சாயங்காலம் காம்பவுண்டு ஓரமாக நின்று பார்ப்பார்களே, உங்களிடம் சொல்லவில்லையா என்றார்.

நேராக விடுதிக்குப் போனேன். அக்காவுக்கு முன் தலை நரைத்திருந்தது. வா தம்பி என்று வராந்தாவில் நாற்காலி எடுத்துப் போட்டார். என் குழந்தையைப் பற்றி விசாரித்தார். இளமதி பெயரைச் சொன்னேன்.

"பாத்தேன். ரெண்டு வருஷமாப் பாத்தேன்," என்றார்.

பிறகு அவள் எப்படி ஆடுவாள் என்று சொல்லத் தொடங்கினார். உயரத்திலிருந்து வரும் பந்தை இடது காலால் வாங்கிச் சத்தமில்லாமல் தரையில் வைப்பாளாம். அடிக்கப்போகிற பக்கத்தைப் பார்க்கவே மாட்டாளாம். ஒருமுறை தோற்ற பிறகு கோல்கீப்பர் பெண்ணின் பையையும் தானே தூக்கிக்கொண்டு போனாளாம். சொல்லும்போது அக்காவின் தோளும் கையும் தானாக அசைந்தன. பதினோரு வருஷம் நான் பார்த்த கலைமணி அக்கா கொஞ்ச நேரம் அந்த வராந்தாவில் இருந்தார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ எடுத்துடுவ. அது எனக்குத் தெரியும்," என்றார். "அவ அம்மா என் மூஞ்சியப் பாத்து, நீ பாத்துக்குவியான்னு கேக்கும். நான் என்னான்னு சொல்றது தம்பி?"

விடுதிப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா வருகை நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். இளமதி இப்போது எங்கே என்று கேட்டேன். பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம் என்றார்.