எரித்த தீர்ப்புக்கு ஒரு நகல்

விவாகரத்துத் தீர்ப்பை நான் தொலைக்கவில்லை. எரித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "வீடு மாத்தறப்ப எங்கயோ போயிடுச்சு" என்று சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே அது உண்மைபோலத் தோன்றும். ஆனால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, தாளின் மூலையைக் காட்டி, விரல் சுடும்வரை பிடித்திருந்தது நான்தான். மகளுக்கு அப்போது நாலு வயது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எரித்ததற்குக் காரணம் அதில் இருந்த ஒரே ஒரு பத்தி. குழந்தை என்னிடம் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை தகப்பன் அவளைப் பார்த்துக்கொள்ளலாம். இடம், கோயில் பக்கத்தில் தேரடி. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதியதுதான். என் கையெழுத்தும் இருந்தது.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனோம். இரண்டாவது மாதம் கையில் பலூனும் வாயெல்லாம் சிரிப்புமாகத் திரும்பி வந்தவள், அப்பா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்று, வளர்த்து, கடையில் நாள் பூராவும் கால் கடுக்க நின்று சேலை விரித்துப் போட்டுச் சம்பாதிப்பவள் நான். மாதத்தில் மூன்று மணி நேரம் பலூன் வாங்கிக் கொடுக்கிறவர் நல்லவரா? அவர் குடிகாரர், கை நீட்டுகிறவர் என்றாலாவது சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதத்திலிருந்து, முதல் ஞாயிறு விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். ஃபோன் நம்பரை மாற்றினேன். வீட்டையும் மாற்றினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் தேரடியில் வந்து நின்றுவிட்டுப் போனதாக அங்கே பூ விற்கிற அம்மா என்னிடம் சொன்னாள். அவர் கோர்ட்டுக்குப் போய் என்னை இழுத்திருக்கலாம். போகவில்லை. சண்டை போடத் தெரியாத ஆள் என்பது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

மகளிடம், "உங்கப்பா பெங்களூர் போயிட்டாரு. உன்னப் பாக்கணும்னு ஒரு தபாவாவது வந்தாரா?" என்றே சொல்லி வளர்த்தேன். பன்னிரண்டு வருஷம் சொன்னேன். வாய் கூசவே இல்லை.

போன வருஷம் அவள் பதினொன்றாவது படிக்கும்போது வினாடி வினாவில் ஜெயித்தாள். ஜெயித்த பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். பிரிந்தவர்கள் என்றால் கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டுமாம், எல்லாப் பக்கமும்.

"ஆர்டர் காப்பி எங்கம்மா?"

"காணோம்டி."

"காணோம்னா இன்னா? கோர்ட்ல மனு போட்டா நகல் குடுப்பாங்களாம். மிஸ் சொன்னாங்க."

நகல் வாங்கினால் அந்தப் பத்தியை அவள் படிப்பாள். வாங்காவிட்டால் அவள் பிளேன் ஏற மாட்டாள். பெற்றவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் நாலு நாள் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு கோர்ட்டுக்குப் போனேன். கழுத்தில் தாலிச் சங்கிலி. தீர்ப்பு வந்ததும் கழற்றியதுதான். புருஷன் இல்லாதவளுக்கு வாடகைக்கு வீடு தர யோசிக்கிறார்கள் என்று திரும்பவும் போட்டுக்கொண்டேன். எங்கள் தெருவைப் பொறுத்தவரை என் வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை.

நகல் கொடுக்கும் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலை நெருங்கவும் பின்னால் ஒரு குரல்.

"இன்னாம்மா, நீ எங்க இங்க?"

திரும்பினால், எங்கள் தெருமுனையில் கறிக்கடை வைத்திருக்கும் பாய். அவரும் கீழ்பென்னாத்தூர்க்காரர், என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். நிலத்து வழக்கு ஒன்றுக்கு நகல் வாங்க வந்திருந்தார்.

"தங்கச்சி கேஸு, பாய். அவளுக்கு டைவர்ஸ் காப்பி வேணுமாம்" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தங்கச்சி!

"அப்படியா? நல்லபடியா முடியட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர். ஒரு வார்த்தை மேலே கேட்கவில்லையே, அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஜன்னலில் இருந்த அம்மா காதிலும் அது விழுந்துவிட்டது. வழக்கு எண் கேட்டார். தெரியாது என்றேன். வருஷமும் கட்சிக்காரர் இரண்டு பேரின் பெயரும் இருந்தால் தேடலாம் என்றார். பெயரை வாயால் சொல்ல முடியுமா? பாய் பக்கத்திலேயே நிற்கிறார். சீட்டில் எழுதி நீட்டினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, எண் கிடைத்துவிட்டது என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"உங்க தங்கச்சி வரலையா?"

"அவ ஊர்ல இல்லீங்க."

"அப்ப உங்களுக்குத் தர முடியாதும்மா. வழக்குல இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டா நகல் மனு ஒண்ணு போதும். நீங்க மூணாவது ஆளு. இன்னா காரணத்துக்கு வேணும்னு அஃபிடவிட்டு போட்டு, ஜட்ஜு பாத்து உத்தரவு குடுத்தாதான். நாளாகும். அவங்களையே வரச் சொல்லுங்க, அதான் சுளுவு."

என் கல்யாணம், என் விவாகரத்து, என் பிள்ளை. அதற்கு நான் மூன்றாவது ஆள். "நான்தாங்க அது" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பாய் நின்றிருந்தார். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஊருக்குப் பயந்து பிள்ளையின் நாளில் ஒன்றைத் தின்றுவிட்டு வருகிறேன்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். ஆதார் அட்டையை நீட்டினேன். அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், திட்டாததால் அழுதுவிட்டேன். அந்த ஜன்னலில் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. எந்த இடத்தில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், எங்கே கையெழுத்து, நகல் எடுக்கும் தாளை நாம்தான் வாங்கித் தர வேண்டும், அதைக் கேட்டுப் பலகையில் மனு எண் போடுவார்கள், பலகையைத் தினமும் வந்து பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

தினமும் கடைக்குப் போகிற வழியில் இறங்கிப் பலகையைப் பார்த்தேன். எண் வந்ததும் தாள் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் சில நாளில் நகல் கைக்கு வந்தது. எல்லாப் பக்கத்திலும் முத்திரை. மூன்றாம் பக்கத்தில் அந்தப் பத்தி. எரித்தது எழுத்து மாறாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

அதோடு புத்தி வந்ததா? இல்லை. நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "மூணாவது பக்கத்த உட்டுட்டு மீதிய எடுங்க" என்றேன். கடைக்காரப் பெண் புரட்டிப் பார்த்து, "பாஸ்போர்ட்டுக்கா, அக்கா? பக்கம் கம்மியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. பாவம், பொண்ணு அலையப்போவுது" என்றாள். சீ, நானும் ஒரு தாயா என்று இருந்தது. ஒரு பக்கமும் எடுக்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உறையோடு மகளிடம் கொடுத்தேன்.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபோனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தேன்.

"இதுல மாசா மாசம் என்னப் பாக்கலாம்னு போட்டிருக்கேம்மா. அவரு ஏன் வரல?"

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் முடியவில்லை.

"வந்தாரு. ஒரு வருஷத்துக்கு மேல வந்து நின்னாரு. நான்தான் உன்னக் காட்டல. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் உன்ன ஊருக்குத் தூக்கினு போயிடுவேன்."

"ஏம்மா?"

"நீ என்ன வுட்டுட்டு அவருகிட்ட போயிடுவியோன்னு. வேற ஒண்ணும் இல்ல. பொறாமை."

அவள் கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். என் பிள்ளையாயிற்றே, கோபம் வரும். வரவில்லை.

"இப்ப பெங்களூர்லதான் இருக்காரா?"

"பெங்களூரு எங்கயும் போவல. செங்கம் ரோட்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வண்டி ஓட்டறாரு."

"இந்த ஊர்லயேவா?" அவள் குரல் உடைந்தது. "டியூஷனுக்கு அந்த ரோட்லதானே தினமும் போறேன். எதிர்க்க வந்திருந்தாகூட எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல விரலை ஓட்டி வரி வரியாகப் படித்தாள். படித்து முடிக்கும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குப் பதினெட்டு முடியற வரைக்கும்னு போட்டிருக்கு. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குதும்மா."

"நீ போய்ப் பாரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுப்பவள்போலச் சொன்னேன். அந்த நேரத்திலும் அந்தத் திமிர் எனக்குப் போகவில்லை.

அவள் தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"நானாப் போறதுன்னு இல்லம்மா. தாய் கூட்டினு வந்து ஒப்படைக்கணும்னு எழுதியிருக்கு. நீதான் வரணும்."