படிவத்தின் பதினோராவது கேள்வி

சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த கிழமையே, திருகோணமலை நகரத்தில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலையின் விடுதிக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் ஊரான வெருகலில் இருக்கும் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். எனக்கோ உயிரியல் படிக்க வேண்டும். படிவத்தை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றில் பிழை விட்டால் மற்றதில் எழுதலாமே.

பத்துக் கேள்விகளுக்கு மளமளவென்று எழுதினேன். பதினோராவதில் பேனை நின்றது. நகரத்துக்குள் வசிக்கும் பாதுகாவலரின் பெயர், முகவரி, உறவுமுறை.

"டவுனில எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார் அம்மா.

கடலுக்குப் போய்வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலை நிமிர்ந்தார். "அன்புவழிபுரத்தில மெக்கானிக் இருக்கிறார்."

"எந்த மெக்கானிக்?"

"எங்கட போட் எஞ்சின் திருத்துறவர்."

"அவர் எங்களுக்கு என்ன முறை?"

அப்பா கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தார். இருவருக்கும் வழக்கமாக எஞ்சின் கதைதான். அன்று அப்பா படிவ விஷயத்தைச் சொன்னார்.

"பொறுங்கோ, வீட்டுக்காரியிட்டக் குடுக்கிறன்" என்றார் மெக்கானிக்.

அவருடைய மனைவி அப்பாவோடு கதைக்கவில்லை. என்னைக் கேட்டார். "பிள்ளை, என்ன படிக்கப் போறாய்?"

"பயோ, அன்ரி."

"டொக்டராகவோ?"

"தெரியாது அன்ரி. மீனை வெட்டி உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்க விருப்பம்."

அவர் சிரித்த சிரிப்பு அம்மாவுக்கும் கேட்டது. "எனக்கு ரெண்டும் பெடியள். என்ர பேரை எழுது. லீவு விட்டா இங்க வந்து நில்."

நேர்முகத் தேர்வு நாளில் விடியவே பஸ் ஏறினோம். கிண்ணியாப் பாலத்தில் போகும்போது எழுந்து நின்றே பார்த்தேன். எத்தனையோ தடவை கடந்த பாலம்தான். ஆனால் அன்றைக்குக் கடல் எனக்கென்றே விரித்து வைத்ததுபோல் இருந்தது.

பாடசாலை வாசலில் மஞ்சள் சேலையில் ஒரு பெண் குடையை உயர்த்தி ஆட்டினார். போனில் கதைத்த அன்ரிதான்; அதுவரை நாங்கள் அவரைக் கண்டதேயில்லை. அம்மா நேரே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே, பாடசாலை அதிபர் படிவத்தைப் புரட்டினார். "உறவுமுறை எழுதேல்லையே?"

என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் விட்டிருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அன்ரி முந்திக்கொண்டார்.

"சொந்தம் இல்லை, மிஸ். என்ர அவர் இவையின்ர எஞ்சின் திருத்துறவர்."

அதிபர் பேனையை வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நாங்கள் போன் பண்ணினா வருவீங்களோ?"

"ஓம், மிஸ். ஸ்கூட்டியில உடன வருவன்."

"சரி, குடும்ப நண்பர் எண்டு எழுதுங்கோ, பிள்ளை."

"சித்தி எண்டு எழுதினா ஏலாதோ, மிஸ்?" என்றார் அன்ரி.

"அது பொய்யாப் போயிடும்" என்று அதிபர் சிரித்தார். அதுவரை கதிரை நுனியில் இருந்த அப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு அதிபர் என்னிடம் விஞ்ஞானப் பாடத்தில் நிறையக் கேட்டார். இதயம் பற்றிக் கேட்டபோது மீனுக்கு இரண்டு அறைகள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நிறுத்தச் சொல்லும்வரை கதைத்தேன்.

வெளியே வந்ததும், "நான் சித்தி எண்டே கூப்பிடட்டோ?" என்று கேட்டேன். அவர் என் தலையில் குட்டினார். "பின்ன, வேற எப்பிடி?"

இரண்டு கிழமை கழித்து, அப்பா கடலில் இருந்தபோது, அம்மாவின் போனுக்கு முடிவு வந்தது. தெரிவாகியிருந்தேன். கரைக்கு ஓடினேன். படகு இன்னும் தூரத்தில். கத்தினால் கேட்காது. மண்ணில் நின்று குதித்தேன், கையிரண்டையும் ஆட்டினேன், திரும்பவும் குதித்தேன். முதலில் அப்பா ஏதோ ஆபத்து என்றுதான் நினைத்தாராம். பிறகு கிட்ட வர என் பல்லெல்லாம் தெரிந்ததாம். படகில் எழுந்து நின்று அவரும் இரண்டு கைகளையும் தூக்கினார்.